எண்ணூரில் பூட்டிய ஆஸ்டினும் எடுக்காத செல்ஃபும்

எண்ணூர் என்றால் அசோக் லேலண்டு லாரிதான் எல்லோருக்கும் நினைவு வரும். அந்தக் கம்பெனியிலிருந்து முதலில் வெளியே வந்தது லாரி அல்ல, கார் என்று சொன்னால் என் பேரன் நம்ப மறுக்கிறான். நம் வயதுக்காரர்கள் சிலருக்காவது ஞாபகம் இருக்கும்.

1948இல் ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகன் பெயர். இங்கிலாந்தில் லாங்பிரிட்ஜிலிருந்து ஆஸ்டின் ஏ40 காரின் பாகங்கள் கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வரும். எண்ணூரில் அவற்றைப் பூட்டிக் காராக்கினார்கள். 1949இல் முதல் கார் வந்தது. கொஞ்ச வருடத்திலேயே லேலண்டு லாரி, பஸ் பக்கம் போய்விட்டார்கள். 1955இல் பெயரும் அசோக் லேலண்டு ஆயிற்று. பூட்டிய கார்கள் மட்டும் டாக்டர், வக்கீல் வீடுகளில் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிக்கொண்டிருந்தன.

அப்படி ஒன்று காலடிப்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் இருந்தது. 1200 சி.சி., நாலு கதவு, உருண்டையான முதுகு. பிரசவம் பார்ப்பதில் கைராசி என்று பெயர். ராத்திரி எந்நேரம் ஆள் வந்தாலும் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

1972இல் நான் ராயபுரத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் ஷெட்டில் உதவியாள். வயது இருபது. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. மேஸ்திரி ஊருக்குப் போயிருந்த வாரம் அந்த ஆஸ்டின் வந்தது. செல்ஃப் எடுக்கவில்லை. போட்டால் 'ங்ங்' என்று ஒரு முனகல், அவ்வளவுதான்.

ஹேண்டில் போட்டால் ஓடும். ஆனால் ஹேண்டில் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் பிடிக்கவேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அபாயத்தைப் போக்கத்தான் அமெரிக்காவில் கெட்டரிங் மின்சார செல்ஃபைச் செய்தார். 1912இல் கேடிலாக் காரில் அது வந்தது. பெண்கள் தனியாகக் கார் எடுக்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் பாடம் தவறாமல் சோதித்தேன். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃபைப் போடவேண்டும். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி டவுன், அல்லது பினியன் ஃப்ளைவீல் ரிங்கில் சிக்கியிருக்கிறது. சிக்கியிருந்தால் கழற்றவே வேண்டாம். அந்தக் கால லூகாஸ் செல்ஃபில் ஆர்மேச்சர் தண்டின் முனை சதுரமாக இருக்கும், ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் விட்டுவிடும். இந்தக் காரில் வெளிச்சம் குறையவே இல்லை. அப்படியானால் செல்ஃபுக்குக் கரண்ட் சரியாகப் போகவில்லை, கார்பன் தேய்ந்திருக்கும் என்று முடிவு கட்டினேன்.

கழற்றினேன். கார்பன் தேய்ந்துதான் இருந்தது. 1961க்குப் பிறகு பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்து நம்மூர் சாமான் கிடைத்தது என்றாலும் இந்தப் பழைய மாடலுக்குக் கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் அலைந்து பெரிய கார்பன் வாங்கி அரத்தால் ராவிப் போட்டேன். கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் தேய்த்தேன். மேஜையில் வைத்து பேட்டரி கொடுத்தால் துள்ளிக்கொண்டு சுற்றியது. வண்டியில் மாட்டினேன், எடுத்தது. காசும் வாங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் ராத்திரி எர்ணாவூரிலிருந்து ஆள் வந்திருக்கிறது. வண்டி எடுக்கவில்லை. டாக்டரம்மா சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் போயிருக்கிறார். போய்ச் சேரும்போது குழந்தை பிறந்துவிட்டது, தாய்க்கு ரத்தம் நிறையப் போயிருந்தது. பிழைத்தாள். மறுநாள் ஷெட்டில் வந்து டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "தம்பி, ராத்திரியிலதான்பா எனக்கு வண்டி வேணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மேஸ்திரி அதற்குள் வந்துவிட்டார். செல்ஃபைத் தொடவே இல்லை. என்னைச் செல்ஃப் போடச் சொல்லிவிட்டு, பானெட்டுக்குள் சோக் கம்பியின் மேல் கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். "நீ வந்து தொட்டுப் பாருடா." சுட்டது.

"கரண்டு போனா போதுமா? திரும்பி வர வாணாமா?"

எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினிலிருந்து சேசிஸுக்கு ஒரு செம்புப் பின்னல் பட்டை போட்டிருப்பார்கள், அதுதான் திரும்பும் வழி. செல்ஃப் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பட்டை கெட்டுப்போனால் அது கிடைத்த வழியில், மெல்லிய சோக் கம்பி வழியாக, திரும்பப் பார்க்கும். கம்பி சுடும், செல்ஃப் முனகும். தடை அங்கே இருந்ததால்தான் பேட்டரியில் பாரம் ஏறவில்லை, விளக்கும் மங்கவில்லை. நான் கண்டது சரி, புரிந்துகொண்டதுதான் தப்பு. நான் கழற்றி மாட்டிய ஆட்டத்தில் பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நாலு நாள் ஓடியிருக்கிறது.

மேஸ்திரி ஒரு தடித்த கேபிளை எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவே பிடித்தார். ஒரே சுற்றில் எடுத்தது. பட்டையைக் கழற்றிப் பார்த்தோம். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பச்சையாகக் களிம்பு, கையோடு உதிர்ந்தது. கடற்கரை ஓரமாகவே ஓடிய வண்டி, இருபது வருட உப்புக்காற்று. புதுப் பட்டை போட்டு, இரும்பைப் பளபளவென்று தேய்த்து, கிரீஸ் தடவி முடுக்கினோம்.

நான் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார் மேஸ்திரி. டாக்டரம்மா வாங்கிக்கொள்ளவில்லை. கார்பன் தேய்ந்துதானே இருந்தது என்றார். ஆனால் ஹேண்டிலை மட்டும் டிக்கியிலிருந்து எடுத்து முன்சீட்டுக்குக் கீழே வைத்துக்கொண்டார். வண்டியை விற்கும்வரை அது அங்கேயேதான் கிடந்தது.