கொன்றவர் யார், தின்றவர் யார்?

உயிர் உயிரைத் தின்றுதான் பிழைக்கிறது. திருமயத்துக்கு வடக்கே சித்தன்னவாசலில் கற்படுக்கை கொண்ட சமணத் துறவிகள், கொல்லாமைக்காகத் தம் உடம்பையே வருத்தினார்கள். சாதியோ அடுத்தவர் உலையை எட்டிப் பார்த்தது.

வேள்வியில் பசுவைக் கொன்று தின்ற பார்ப்பனர்கள் பௌத்தத்தை வெல்லப் புலால் துறந்தார்கள், செத்த மாட்டைத் தின்றவர்கள் தீண்டப்படாதவர் ஆக்கப்பட்டார்கள் என்று 1948இல் அம்பேத்கர் எழுதினார். செத்ததைத் தின்றவர் எதைக் கொன்றார்?

திருமயம் அடங்கிய புதுக்கோட்டைச் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்ததும் அதே ஆண்டுதான். 1950இல் கோயில்களில் உயிர்ப்பலித் தடைச் சட்டம் வந்தது. 2003இல் அரசு அதைக் கடுமையாக நடைமுறைப்படுத்தியபோது கசாப்புக் கடைகள் திறந்தே இருந்தன. நம் கருப்பர் முன் கிடாய் வெட்டுவதுதான் குற்றமாயிற்று. மறு ஆண்டே சட்டத்தை விலக்கிக்கொண்டார்கள். வெட்டிய கிடாயில் நம் பங்கு எத்தனையாவதாக வந்தது என்று மட்டும் எந்தச் சட்டமும் கேட்கவில்லை.