மண்வெட்டியும் சுரண்டியும்: மலைமண் போன கதை

இலங்கையின் ஆங்கிலப் பத்திரிகைகளைத் தொடர்ந்து வாசிப்போர் 'மமொட்டி' என்ற சொல்லைப் பல தடவை கண்டிருப்பர். கிராமத்து அடிதடிச் செய்தியாயினும் வாய்க்கால் வெட்டும் செய்தியாயினும் அச்சொல் வந்துவிடும். அது நமது 'மண்வெட்டி'யே. 1886 ஆம் ஆண்டில் யூல், பர்னல் ஆகிய இருவரும் வெளியிட்ட 'ஹொப்சன்-ஜொப்சன்' அகராதி, இச்சொல் தமிழிலிருந்து வந்தது என்பதைப் பதிவுசெய்துள்ளது. பிரித்தானிய இந்தியாவின் படைத் தளபாடப் பட்டியல்களில் அது நெடுங்காலமாக வழங்கிவந்தது என்றும் அது கூறுகின்றது. பின்னாளில் இங்கிலாந்தின் வுல்வர்ஹம்டன் நகரிலிருந்து 'முதலை' மார்க் மண்வெட்டிகள் கப்பலேறி வந்தன. சொல் இங்கிருந்து போயிற்று. இரும்பு அங்கிருந்து வந்தது.

ஆனால், இந்தக் கருவியும் அதன் இனத்தைச் சேர்ந்த சுரண்டியும் இலங்கைத் தமிழரின் கைகளில் எல்லா இடத்திலும் ஒரே வேலையைச் செய்யவில்லை. வடக்கில் அவை மண்ணைப் பேணின. மலையகத்தில் மண்ணை ஆற்றோடு அனுப்பின. இது ஏன் நிகழ்ந்தது என்பது எழுதப்படவேண்டிய வரலாறு.

முதலில் யாழ்ப்பாணத்தைப் பார்ப்போம். வலிகாமத்துச் செம்மண், சுண்ணாம்புக் கல்லின் மேல் படிந்த மண். புகையிலை, மிளகாய், வெங்காயம் யாவும் கிணற்று நீரை நம்பியே விளைந்தன. துலா மிதித்து இறைத்த காலத்தில் ஒவ்வொரு பட்டை நீரும் உடலுழைப்பின் விலையுடையது. இறைப்பு முடிந்து வெயில் ஏறினால் மேல்மண் இறுகிப் பொருக்குப் பிடிக்கும், வெடிப்பு விழும், ஈரம் அதன் வழியே போய்விடும். ஆகவே தோட்டக்காரர் பயிரின் வேர் அறுபடாதவாறு மண்வெட்டியால் மேலாகக் கொத்திப் பொருக்கை உடைப்பார். இதனைச் 'சாறுதல்' என்பர். வெட்டுண்ட களை அவ்விடத்திலேயே வேர் மேலாகக் கிடந்து காய்ந்து, மண்ணுக்கு மூடாகிப் பின் உரமாகும். தளர்ந்த மண் அடுத்த இறைப்பின் நீரை உள்வாங்கும். சமதரையாதலால் கொத்திய மண் கொத்திய இடத்திலேயே கிடந்தது.

மலையகத்தின் கதை வேறு. 1820களில் ஆரம்பித்த கோப்பிச் செய்கை, 1840களில் பெரும் வேட்கையாக வளர்ந்தது. கண்டிச் சீமையின் செங்குத்தான காடுகள் வெட்டி எரிக்கப்பட்டு, சரிவுகளில் கோப்பிக் கன்றுகள் நடப்பட்டன. மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து வந்த மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். சேர்ந்தோரின் கைகளில் மண்வெட்டியும் சுரண்டியும் கொடுக்கப்பட்டன.

துரைமார்களின் கொள்கை எளிமையானது: தோட்டத்தில் ஒரு புல்லும் தெரியக்கூடாது. மண் வெறுமையாகத் தெரிவதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. புல்லுவெட்டு பல தோட்டங்களில் ஏக்கர்க் கணக்கில் கொந்தரப்புக்கு விடப்பட்டது. மலை சுத்தமாக இருந்தால்தான் கொந்தரப்புக்காரருக்குக் காசு; அவர் கீழ் வேலை செய்தோருக்குக் கூலி.

சுரண்டி மண்ணுள் ஆழ இறங்குவதில்லை; மேற்பரப்போடு ஒட்டி இழுக்கப்படுகின்றது. சரிவில் நின்று இழுக்கும்போது களையுடன் மேல்மண்ணும் கீழ்நோக்கி நகரும். ஒரு தடவையில் நகர்வது சொற்பமே. ஆனால் மாதந்தோறும், ஆண்டுதோறும், தலைமுறை தலைமுறையாக நகர்ந்தால்? மூடியிருந்த புல்லும் இல்லை. பிடித்திருந்த வேரும் இல்லை. பருவமழை தளர்ந்த மண்ணைக் கானுக்கும், கானிலிருந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து மகாவலிக்கும் கொண்டுசென்றது.

1869 இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய், அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை வீழ்த்தியது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. பயிர் மாறியது, வெறுமண் கொள்கை மாறவில்லை. 1931 இல் மண்ணரிப்புப் பற்றி ஆராய்ந்த குழுவின் அறிக்கை வெளிவந்தபோது மலையகம் ஏற்கெனவே பெருமளவு மேல்மண்ணை இழந்திருந்தது. மண் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு 1951 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் சுரண்டியைத் தவிர்க்கும்படியும், தீங்கற்ற பூண்டுகளை விட்டுவைக்கும்படியும் ஆலோசனை கூறியது. 1976 இல் அமைக்கப்பட்ட பொல்கொல்லை நீர்த்தேக்கம் சில ஆண்டுகளிலேயே வண்டலால் பெரிதும் தூர்ந்தது. அவ்வண்டலில் புகையிலை, உருளைக்கிழங்குத் தோட்டங்களின் மண்ணும் பராமரிப்பற்ற பழைய தேயிலை மலைகளின் மண்ணும் கலந்திருந்தன.

இவ்விழப்புக்குப் பொறுப்பாளி யார்? சுரண்டியைப் பிடித்த கை தமிழ்த் தொழிலாளியின் கை. கட்டளையிட்ட வாய் வேறொருவருடையது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் எப்போது கொத்துவது, எவ்வளவு ஆழம் கொத்துவது என்பதைத் தாமே தீர்மானித்தார். நாளை தம் பிள்ளை அம்மண்ணில் நிற்கும் என்பதை அவர் அறிவார். (அங்கும் காணியில்லாது, பிறர் தறையில் கூலிக்குக் கொத்திய மக்கள் இருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.) மலையகத் தொழிலாளிக்கோ மண்ணும் இல்லை, தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டில் அவருக்கிருந்த இடத்தையும் பறித்தது.

பின்னர் சுரண்டியின் இடத்தைக் களைநாசினி பிடித்தது. வட மத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தினால் 2015 இல் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்டது. தேயிலை, இறப்பர் ஆகியவற்றுக்கு மட்டும் 2018 இல் தளர்வு அளிக்கப்பட்டது. 2021 இல் இரசாயன இறக்குமதிகளுக்குப் பொதுத்தடை வந்து, அவ்வாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. கிளைபோசேற்றுத் தடை 2022 இல் நீங்கியது. ஒவ்வொரு தடையின்போதும் தோட்டங்களில் களையைக் கையால் அகற்ற ஆளில்லை என்ற குரல் எழுந்தது. அந்த ஆட்கள் ஏன் தோட்டத்தை விட்டுப் போயினர் என்ற கேள்வி அவ்வளவு உரத்து எழவில்லை.

செய்தி சேகரிக்க மலையகம் சென்ற காலங்களில் நான் கவனித்த ஒன்றுண்டு. லயங்களின் பின்புறத்தில், தோட்டத்துக்கு உதவாத செங்குத்தான துண்டு நிலங்களில், அம்மக்கள் தமக்கெனக் கோவாவும் கரட்டும் லீக்சும் பயிரிட்டிருந்தனர். சரிவுக்குக் குறுக்கே கல் அடுக்கி வரம்பு கட்டியிருந்தனர். மண்ணைக் கொத்தித் தளர்த்தி, வெட்டிய புல்லைப் பாத்தியின் மேலேயே பரப்பியிருந்தனர். பகலில் துரையின் மலையில் வேலை செய்த அதே மக்கள், மாலையில் தம் சிறு பாத்தியில் மண்ணைப் பொத்திப் பாதுகாத்தனர். மண்ணைக் காக்கும் அறிவு அவர்களிடம் இல்லாதிருக்கவில்லை. அதனை அவர்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதே உண்மை.