கூட்டாட்சி அபாயப் பொருட்கள் சட்டம் (அமெரிக்கா)

கூட்டாட்சி அபாயப் பொருட்கள் சட்டம், அமெரிக்காவில் வீட்டு உபயோகப் பொருட்களில் உள்ள ரசாயனங்களின் ஆபத்தைச் சோதித்து அறியவும், அதை லேபிளில் தெளிவாக அச்சிட வைக்கவும், லேபிள் போதாத இடத்தில் பொருளையே தடை செய்யவும் வழிசெய்யும் சட்டம். 1960 ஜூலை 12 அன்று அதிபர் ஐசனோவர் இதில் கையெழுத்திட்டார். தொடக்கத்தில் உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் பொறுப்பில் இருந்தது. 1973 முதல் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் நடைமுறைப்படுத்துகிறது. கழிவறை, தரை சுத்தம் செய்யும் திரவங்கள், பெயின்ட், தின்னர், பசை, மரச்சாமான் பாலிஷ் போன்றவை இதன் கீழ் வருகின்றன. உணவு, மருந்து, அழகுசாதனப் பொருட்கள், பூச்சிக்கொல்லிகள் ஆகியவற்றுக்கு வேறு சட்டங்கள் உண்டு.

ஒரு பொருளை முறைப்படி பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதோடு இந்தச் சட்டம் நின்றுவிடுவதில்லை. வழக்கமாகவோ எதிர்பார்க்கக்கூடிய விதத்திலோ கையாளும்போது என்ன நேரும் என்றும் கேட்கிறது. குழந்தைகள் எடுத்து விழுங்கிவிடுவதும் அப்படி எதிர்பார்க்கக்கூடியதே என்று சட்ட வாசகமே சொல்கிறது. ‘பெற்றோர் கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று தயாரிப்பாளர் கைகழுவ முடியாதபடி செய்தது இந்த வரிதான்.

பின்னணி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வீட்டிலேயே சோப்பு காய்ச்சவும் அடைபட்ட குழாய்களைச் சுத்தம் செய்யவும் அமெரிக்கக் குடும்பங்கள் காஸ்டிக் சோடாவை வாங்கி வைத்திருந்தன. அதை விழுங்கிய குழந்தைகள் பலர். உயிர் பிழைத்தாலும் உணவுக்குழாய் வெந்து, தழும்பு இறுகி, ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காத நிலை வரும். இத்தகைய குழந்தைகளுக்குத் தொடர்ந்து சிகிச்சை அளித்தவர் தொண்டை மருத்துவர் செவாலியர் ஜாக்சன். உணவுக்குழாய்க்குள் கருவி செலுத்திப் பார்க்கும் முறையின் முன்னோடி அவர். சிகிச்சை மட்டும் போதாது, டப்பாவின் மேல் எச்சரிக்கை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1927 மார்ச் 4 அன்று கூட்டாட்சி அரிப்பு நச்சுச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் 12 அமில, காரப் பொருட்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புதிய கரைப்பான்களும் பாலிஷ்களும் சலவைப் பொருட்களும் சந்தையில் குவிந்தபோது பட்டியல் பின்தங்கிவிட்டது. 1953இல் சிகாகோவில் தொடங்கிய முதல் நச்சுத் தகவல் மையத்தின் வழியில் நாடெங்கும் மையங்கள் எழுந்தன. விஷம் உட்கொண்ட குழந்தைக்குச் சிகிச்சை தர, புட்டியில் என்ன இருக்கிறது என்பது மருத்துவருக்கு முதலில் தெரிய வேண்டும். 1960ஆம் ஆண்டுச் சட்டம் பெயர்ப் பட்டியலைக் கைவிட்டு, பொருளின் குணத்தைக் கொண்டு ஆபத்தை வரையறுத்தது. அதனால் நாளை வரப்போகும் ரசாயனமும் அதன் வரம்புக்குள் அடங்கியது.

வகைப்பாடும் சோதனைகளும்

நச்சு, அரிப்பு, எரிச்சலூட்டுதல், கடும் ஒவ்வாமை தூண்டுதல், தீப்பற்றுதல், அழுத்தத்தை உண்டாக்குதல் ஆகியவை சட்டம் கவனிக்கும் குணங்கள்.

நச்சுத்தன்மைக்கு அளவுகோல் உண்டு. 200 முதல் 300 கிராம் எடையுள்ள குறைந்தது 10 வெள்ளை எலிகளுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் அல்லது அதற்குக் குறைவாக ஒரே வேளை வாய்வழி கொடுத்து, 14 நாட்களுக்குள் பாதியோ அதற்கு மேலோ இறந்தால் அது ‘கடும் நச்சு’. 50 மில்லிகிராமுக்கு மேல், 5 கிராம் வரை என்றால் ‘நச்சு’. மனிதர்களுக்கு நேர்ந்த அனுபவம் விலங்குச் சோதனையிலிருந்து மாறுபட்டால், மனித அனுபவமே மேலானதாகக் கொள்ளப்படும்.

தீப்பற்றும் தன்மை, திரவத்தின் ஆவி எந்த வெப்பநிலையில் பொறி பட்டுப் பற்றுகிறது என்பதைக் கொண்டு அளக்கப்படுகிறது. சுமார் மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே பற்றினால் ‘மிக எளிதில் தீப்பற்றும்’ வகை. அதற்கு மேல் 38 டிகிரிக்குள் ‘தீப்பற்றும்’ வகை. அங்கிருந்து 66 டிகிரி வரை ‘எரியக்கூடிய’ வகை.

கண் எரிச்சலுக்கான பழைய முறை, 1944இல் ஜான் டிரெய்ஸ் வெளியிட்டது. முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் திரவத்தை விட்டு 24, 48, 72 மணி நேரத்தில் பார்ப்பார்கள். இது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. நியாயமான கண்டனம்தான். சட்டம் விலங்குச் சோதனையைக் கட்டாயமாக்கவில்லை. முந்தைய தரவு, மனித அனுபவம், ஆய்வுக்கூட மாற்று முறைகள் ஆகியவற்றை முதலில் நாட வேண்டும் என்பது ஆணையத்தின் கொள்கை.

விற்பனைக்கு முன் அரசிடம் ஒப்புதல் வாங்கும் ஏற்பாடு இதில் இல்லை. ஆபத்தைச் சரியாகக் கணித்துச் சரியான லேபிள் ஒட்டுவது தயாரிப்பாளரின் கடமை. தவறினால் பொருள் பறிமுதல், திரும்பப் பெறுதல், அபராதம், வழக்கு என்று விளைவுகள் வரும்.

லேபிளில் இருக்க வேண்டியவை

தயாரிப்பாளர், பேக் செய்பவர், விநியோகஸ்தர் அல்லது விற்பவரின் பெயர், முகவரி, ஆபத்துக்குக் காரணமான ரசாயனத்தின் பெயர், எச்சரிக்கைச் சொல், என்ன ஆபத்து என்ற வாசகம், தவிர்க்க வேண்டியவை, தேவைப்படும்போது முதலுதவி, கையாளும், பாதுகாக்கும் முறை, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்ற வரி. இவை ஆங்கிலத்தில், பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எச்சரிக்கைச் சொல்லுக்குப் படிநிலை உண்டு. கடும் நச்சு, அரிப்பு, மிக எளிதில் தீப்பற்றுவது ஆகியவற்றுக்கு ‘டேஞ்சர்’. மற்றவற்றுக்கு ‘வார்னிங்’ அல்லது ‘காஷன்’. கடும் நச்சானால் மண்டையோட்டுச் சின்னமும் ‘பாய்சன்’ என்ற சொல்லும் சேர வேண்டும். எழுத்தின் உயரம் முன்பக்கப் பரப்பைப் பொறுத்தது. 30 சதுர அங்குலத்துக்கு மேல் உள்ள பெரிய முன்பக்கத்தில் எச்சரிக்கைச் சொல் குறைந்தது 5/32 அங்குலம், அதாவது சுமார் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

சில பொருட்களுக்குத் தனி விதிகள் உள்ளன. 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் பெட்ரோலிய வடிபொருட்கள் கொண்ட பாலிஷை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்போல் நீர்த்த இந்த எண்ணெயை விழுங்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும். விஷம் குடித்தால் வாந்தி எடுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. இங்கே அது உயிரையே பறித்துவிடலாம். ஆகவே ‘வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே மருத்துவரை அழையுங்கள்’ என்று அச்சிட வேண்டும்.

லேபிளைத் தாண்டி: மூடியும் தடையும்

இரண்டு வயதுக் குழந்தைக்கு லேபிள் படிக்கத் தெரியாது. எனவே 1970 டிசம்பர் 30 அன்று நச்சுத் தடுப்புப் பேக்கேஜிங் சட்டம் வந்தது. 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் காஸ்டிக் உள்ள தூள்கள், 2 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள திரவங்கள், டர்பன்டைன், மெத்தனால் கலந்த பொருட்கள் போன்றவற்றுக்குக் குழந்தைகளால் எளிதில் திறக்க முடியாத மூடி கட்டாயமானது.

மூடியைச் சோதிப்பவர்கள் குழந்தைகளே. 42 முதல் 51 மாத வயதுள்ள குழந்தைகளை இருவர் இருவராக உட்கார வைத்து, நச்சு எதுவும் இல்லாத புட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொல்வார்கள். 5 நிமிடம் கழித்து, பெரியவர் ஒருவர் பேசாமல் திறந்து காட்டுவார். பல்லால் கடித்தும் திறக்கலாம் என்று சொல்லி மேலும் 5 நிமிடம் தருவார்கள். திறந்து காட்டுவதற்கு முன் 85 சதவீதக் குழந்தைகளும், முடிவில் 80 சதவீதக் குழந்தைகளும் திறக்க முடியாமல் இருந்தால்தான் மூடி தேறும். மறுபக்கம், 50 முதல் 70 வயது வரையுள்ள 100 பேரில் 90 சதவீதத்தினர் அதைத் திறந்து சரியாக மூட முடிய வேண்டும். 1995இல் விதி இப்படித் திருத்தப்பட்டதற்குக் காரணம் உண்டு: முதியவர்கள் திறக்கத் திணறும் மூடி, பல வீடுகளில் மூடப்படாமலே கிடக்கும்.

மூடியும் போதாத இடத்தில் தடை. 1966 நவம்பரில் வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டம், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரில் இருந்த ‘லேபிளிங்’ என்ற சொல்லை நீக்கி, தடை செய்யும் அதிகாரத்தையும் அளித்தது. துணியில் கறை நீக்கப் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடு 1970இல் வீட்டுப் பொருட்களில் தடை செய்யப்பட்டது. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் உச்சவரம்பு 1978 முதல் 0.06 சதவீதமாகவும், 2009இல் 0.009 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

குறைகள்

உடனடி ஆபத்துகளில் இந்தச் சட்டம் வலுவானது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேரும் ரசாயனங்களை அளப்பதில் அது மெதுவாகவே நகர்ந்தது. ஓவியப் பொருட்களில் நாட்பட்ட நச்சை நிபுணர் ஆராய வேண்டும் என்ற விதி 1988இல்தான் வந்தது. ஆபத்தான கூறுகளை மட்டும் குறிப்பிட்டால் போதும் என்பதால், துப்புரவுப் பொருளின் முழு உள்ளடக்கம் வாங்குபவருக்குத் தெரிவதில்லை. கலிபோர்னியா 2017இல் தனிச் சட்டம் இயற்றி, உட்பொருட்களை 2020 முதல் இணையத்திலும் 2021 முதல் லேபிளிலும் வெளியிட வைத்தது. உலக அளவில் ஒத்திசைந்த சிவப்பு விளிம்புச் சாய்சதுரச் சின்னங்களை ஐரோப்பிய ஒன்றியம் வீட்டுப் பொருட்களிலும் கட்டாயமாக்கியுள்ளது. அமெரிக்கா அவற்றைத் தொழிலிடங்களோடு நிறுத்திக்கொண்டது.

இந்தக் குறைகளோடு சேர்த்துப் பார்த்தாலும், இச்சட்டத்தின் வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. படிக்கத் தெரிந்தவருக்கு லேபிள், படிக்க முடியாதவருக்கு மூடி, இரண்டும் காக்க முடியாத இடத்தில் தடை என்ற வரிசை குழந்தைகளின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடம். புதிதாக விதி எழுதும் எந்த நாடும் முதல் படியோடு நின்றுவிடக் கூடாது.