"எனக்குக் குரல் இல்ல மச்சான்": கிற்றார்காரருக்கு ஒரு துறைமுகக் கதை

நாலு கோர்ட் கைக்கு வந்தவுடன கிற்றாரைத் தூக்கிக்கொண்டு டச்சுபே கடற்கரைக்குப் போயிடுவம். ஆனா பாடச் சொன்னா, "எனக்குக் குரல் இல்ல மச்சான், நீ பாடு" எண்டு பக்கத்தில இருக்கிறவனைத் தள்ளிவிடுவம். நானும் அப்பிடித்தான் இருந்தன். திருகோணமலையின் பாட்டு வரலாறைக் கொஞ்சம் கிண்டிப் பாத்தபிறகு அந்தச் சாட்டைச் சொல்ல வெட்கமாக இருக்கு.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் சேர்த்து இங்கே கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். இருபது வருடம்கூட நிலைக்காத ஆட்சி அது. ஆனால் அவர்களின் மொழியும் பாட்டும் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை. போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் மட்டக்களப்பிலும், இங்கே பாலையூற்றுப் பக்கத்திலும் இன்றைக்கும் வாழ்கிறார்கள். அவர்களுடைய கலியாண வீடுகளில் வயலின், றபான், கிற்றார் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும். அந்த ஆட்டப்பாட்டுக்குப் பெயர் கஃப்ரிஞ்ஞா. போர்த்துக்கேயர் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் தாளமும் அதில் கலந்திருக்கிறது.

அங்கே பாட்டு ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர் பதில் பாடுவார். 'நல்ல குரல்' இருக்கிறவர் வரட்டும் எண்டு ஆரும் காத்திருக்கிறதில்ல.

1940களில், பொலிஸ் வேலை பார்த்த வொலி பஸ்டியன் இந்தத் தாளத்துக்குச் சிங்களச் சொற்களைப் போட்டார். பைலா நாடு முழுக்கப் பரவியது. 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் கிற்றாரோட வந்து, யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். தமிழ்ப் பொப் இசை அப்படித்தான் எழும்பியது. 1970களில் ஏ. ஈ. மனோகரன் 'சுராங்கனி'யைத் தமிழ்நாடு வரை கொண்டுபோனார்.

இவர்கள் ஆரும் பாட்டுக்காக வேறொரு குரலைத் தேடிப் போகவில்லை. வாயில் இருந்த பேச்சுக்குப் பாட்டை வளைத்தார்கள். நாங்கள் செய்யிறது தலைகீழ். சினிமாப் பாட்டை ஒரிஜினல் சுருதியிலேயே பிடிச்சு, உச்சத்தில தொண்டை உடைஞ்சதும் 'குரல் சரியில்ல' எண்டு முடிவுகட்டுறம். கனதரம் பிழை குரலில இல்ல, சுருதியில.

திருத்துறது பெரிய வித்தையில்லை. முதலில் கிற்றாரைக் கீழே வைத்துவிட்டு, பாட்டின் ஆக உயர்ந்த வரியை மட்டும் பாடிப் பாருங்கள். கத்தாமல் எட்டுகிற இடம்தான் உங்கள் சுருதி. சி மேஜரில் உள்ள பாட்டு மேலே உடைந்தால், ஜி மேஜருக்குரிய கோர்ட்களைப் பிடித்து இரண்டாம் கட்டத்தில் கேப்போ போடுங்கள். பாட்டு ஏ மேஜருக்கு வந்துவிடும், அதாவது மூன்று அரைச்சுரம் கீழே.

அடுத்தது உடம்பு. விரலைப் பாக்கக் குனிஞ்சா கழுத்து மடங்கும், மூச்சும் அடங்கும். கோர்ட் மாற்றுறதைக் கண்ணை மூடிக்கொண்டு பழகிட்டா, தலை தானா நிமிரும்.

பிறகு தாளம். கை தடுமாறினா குரலும் தடுமாறும். பைலாவின் ஆறு எண்ணிக்கையை, 'ஒண்டு-ரெண்டு-மூண்டு, நாலு-அஞ்சு-ஆறு' எண்டு, ஒரே கோர்ட்டில அடிச்சுக்கொண்டு முதலில் சொற்களைப் பேசுங்கள். கை தன்பாட்டில ஓடத் தொடங்கினபிறகு பேச்சைப் பாட்டாக்குங்கள். வெட்கமா இருந்தா பல்லவியைக் கூட்டாளிமாரிட்ட குடுங்கள். அடி எடுத்து, பதில் வாங்கிப் பாடினால் உங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைக்கும்.

பறங்கியர் வீடுகளில் இன்றைக்குப் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழ்தான். முன்னோரின் மொழியை வீட்டில் பேசுகிற இளையவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் கலியாணத்தில் வயலின் தொடங்கினதும் அந்தச் சொற்கள் திரும்பி வருகின்றன. பேச்சில் மங்கிப்போன மொழி பாட்டில் தங்கியிருக்கிறது. ஒவ்வொருவரும் 'எனக்குக் குரல் இல்ல' எண்டு ஒதுங்கியிருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது.

டச்சுபேயில அடுத்தமுறை கிற்றார் உங்கட கைக்கு வந்தா, பக்கத்தில இருக்கிறவனைத் தள்ளிவிடாதேங்கோ. சுருதியைக் கொஞ்சம் இறக்கிட்டு நீங்களே அடி எடுங்கோ.