மணலுக்கு அடியில் ஒரு குயவர் ஊர்

சிட்னியிலிருந்து ஃபிஜிக்குப் போகும் உல்லாசக் கப்பல்கள் லவுட்டோக்கா துறைமுகத்தில் ஒரு பகல் நிற்கும். கரையிறங்குகிறவர்களை அழைத்துப்போகும் இடங்களில் ஒன்று, தென்கரையில் இருக்கும் சிங்கடோக்கா மணல்மேடுகள். வழியெல்லாம் கரும்பு, கூடவே ஓடும் குறுகிய தண்டவாளம். 1903 முதல் சென்னைத் துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட நம் சனங்களும் அவர்கள் பிள்ளைகளும் வெட்டிய கரும்பு, இப்படிப்பட்ட தண்டவாளங்களில்தான் ஆலைக்குப் போனது. அது தனியே எழுத வேண்டிய கதை. நான் மானாமதுரைக் குயவர் வீட்டுப் பிள்ளை. பானையோட்டைப் பார்த்தால் எனக்குக் கால் நகராது. அதனால் மணலுக்கு அடியில் இருப்பதைப் பற்றியே சொல்கிறேன்.

இந்த மேடுகளைக் கட்டியது சிங்கடோக்கா ஆறு. மலையில் மழை கொட்டினால் மண்ணையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து கடலில் தள்ளுகிறது. நல்ல தண்ணீரும் சேறும் கலக்கும் ஆற்றுமுகத்தில் பவளம் வளராது. எனவே தீவின் மற்றக் கரைகளுக்கு இருக்கும் பவளத் திட்டின் காவல் இங்கே இல்லை. பேரலைகள் நேரே வந்து மணலைக் கரையில் போட, தென்கிழக்குக் காற்று அதை உள்ளே ஏற்றுகிறது. சில மேடுகள் 60 மீட்டர் உயரம். மணல் நெடுஞ்சாலைப் பக்கம் நகர்ந்துவிடாமல் இருக்க 1960-களில் மகோகனி நட்டார்கள்; இன்று அந்த நிழலில்தான் நடைபாதை தொடங்குகிறது.

ஆனால் மணல் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கவில்லை. இடையிடையே அடங்கிக் கிடந்த காலங்களில் மேலே புல் முளைத்து, கறுப்பு மண் படிந்து, மனிதர்கள் குடியிருந்தார்கள். பிறகு மறுபடி மணல் மூடியது. 1965, 66-ல் லாரன்ஸ் பர்க்ஸ் இங்கே அகழாய்வு செய்தபோது அந்தக் கறுப்புப் படுகைகள் ஒன்றின்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த படுகைக்குச் சுமார் 2,600 வயது. ஃபிஜியில் முதன்முதலில் குடியேறிய லப்பீட்டா மக்களின் வழிவந்தவர்கள் அங்கே பானை வனைந்திருக்கிறார்கள். எங்கள் வைகைக் கரையில் கீழடி செழித்ததும் ஏறத்தாழ அதே காலம். இரண்டுக்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை. ஆனால் அந்தச் சரிவில் நிற்கும்போது கீழடி நினைவுக்கு வராமல் இருக்குமா?

1987, 88-ல் சைமன் பெஸ்ட் தோண்டியபோது ஓர் இடுகாடும் கிடைத்தது; ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். மேலே பவளக் கற்களைக் குவித்திருந்தார்கள். பவளம் வளராத கரைக்கு அந்தக் கற்களை யாரோ தூரத்திலிருந்து சுமந்து வந்திருக்க வேண்டும். இறந்தவர்களுக்காகப் பட்ட அந்தப் பாடு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1989-ல் இந்த மணல்மேடுகள் ஃபிஜியின் முதல் தேசியப் பூங்கா ஆயின.

கப்பல் பயணிகளில் பலர் மேட்டில் ஏறி, படம் எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். இந்தக் கரையின் தொழில் இன்னும் சாகவில்லை என்பதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் லவாய், நகம்புத்தா ஆகிய ஊர்களில் பெண்கள் இன்றும் பானை செய்கிறார்கள். சக்கரம் கிடையாது, சூளை கிடையாது. களிமண்ணில் மணலைக் கலந்து காலால் மிதிக்கிறார்கள். உள்ளே ஒரு கையில் கூழாங்கல். வெளியே மறு கையில் மரப்பலகை. கல் தாங்க, பலகை தட்ட, சுவர் மெலிந்து மேலே எழுகிறது. எங்கள் வீட்டில் சக்கரத்தில் இறக்கிய பானையின் அடியை மூட அப்பா இதே தட்டுத்தான் தட்டுவார். ஓசைகூட அதேதான்: ஈரம் இருக்கும்வரை மொத்தென்று விழும், மண் இறுக இறுகக் கணீர் ஏறும். அந்த ஓசையைக் கேட்டே சுவரின் கனத்தைச் சொல்லிவிடலாம்.

காய்ந்த பானைகளைத் திறந்த வெளியில் அடுக்கி, மேலே ஓலையும் விறகும் போட்டு எரிக்கிறார்கள். நெருப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, தக்குவா மரத்தின் பிசினை மேலே தேய்க்கிறார்கள். பிசின் உருகிப் பரவி, பழுப்பில் ஒரு பளபளப்பு வருகிறது, தண்ணீரும் கசியாது. அந்தப் பூச்சை எங்கள் பக்கத்தில் நான் கண்டதில்லை. வெள்ளைக்கார வியாபாரிகள் 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த இரும்புச் சட்டி இவர்களுடைய சமையல் பானையை அடுப்பிலிருந்து இறக்கியது. எங்கள் மண்பானையை அலுமினியம் என்ன செய்தது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இப்போது இவர்களிடம் வாங்குகிறவர்களில் பெரும்பங்கு சுற்றுலா வருகிறவர்கள்தான்.

கடல் அரிக்க அரிக்க மணற்சரிவிலிருந்து ஓடுகள் உதிர்ந்தபடியே இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் அவற்றைக் குனிந்து பாருங்கள், எடுக்காதீர்கள். கிடந்த இடம் தெரியாத ஓட்டுக்கு ஆய்வில் பாதி மதிப்புப் போய்விடும். வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோக ஆசை இருந்தால், ஓட்டுநரிடம் சொல்லி நகம்புத்தாவில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பேரம் பேசாமல் ஒரு பானை வாங்கி வாருங்கள்.