கண்ணாடிக்குப் பின்னால்

பள்ளிபாளையத்துப் பழைய வீடொன்றின் பூசையறையில் வெண்ணெய்க் கண்ணன் படமொன்றைக் கண்டோம். அது பலகையில் அன்று, கண்ணாடியின் பின்புறத்தில் தீட்டப்பட்டது என்றறியச் சிறிது நேரம் பிடித்தது. சீன வணிகத்தின் வழியே 18-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த கலை இது. காவிரியின் கீழ்க்கோடியில், தஞ்சையில் வேரூன்றியது.

பலகை ஓவியன் நுண்கோடுகளைக் கடைசியில் தீட்டுவான். கண்ணாடி ஓவியனோ விழிக்கோட்டையும் நகைகளையும் முதலில் வரைந்து, அவற்றின்மேல் உடல் நிறத்தைப் பூசி, இறுதியில்தான் பின்னணியை நிரப்ப வேண்டும். இடம் வலமாக மாறும் என்பதும் நினைவிலிருக்க வேண்டும். முதற்கோடு பிழைத்தால் மேற்பூச்சு மறைக்காது. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

1855-இல் தஞ்சை ஆங்கிலேயர் வசமானபின் அரண்மனை ஆதரவு அற்றது. பரம்பரைத் தொழிலை நம்பிய குடும்பங்கள் வணிகர் வீடுகளை நாடின. அங்கும் கேட்டது பெரும்பாலும் அதே கண்ணன், அதே இராமர் பட்டாபிஷேகம். வீட்டில் உலை கொதிக்க அவற்றைத் தீட்டித்தான் ஆகவேண்டும். ஆயினும் சாமிக்குப் பின்னே தொங்கும் திரையிலும், ஐரோப்பிய நாற்காலியிலும், சரவிளக்கிலும் ஓவியனின் கை விளையாடியிருக்கிறது. அவன் புதிதாய்க் கண்டவை அங்கேதான் உள்ளன என்பது நம் கணிப்பு. 1894-இல் ரவிவர்மா அச்சகம் தொடங்கியபின், மலிவான அச்சுப் படங்களைப் பார்த்தே தீட்டியவர்களும் உண்டு.

நாம் கண்ட படத்தில் பச்சைத் திரையொன்று, மடிப்பு மடிப்பாய். ஓவியன் பெயர் எங்குமில்லை.