காட்டின் கணக்கும் மக்களின் உரிமையும்

காடு யாருக்குரியது என்ற வினாவை எழுப்பாமலேயே காட்டுப் பொருளியல் தன் கணக்கைத் தொடங்கிற்று. 1849ஆம் ஆண்டில் ஜேர்மனிய வனவியலாளரான மார்ட்டின் பவுஸ்ற்மான், வெறுநிலமொன்றில் மரத்தை நட்டு, வளர்த்து, வெட்டி, மீண்டும் நடுவதால் கிடைக்கும் வருவாயைக் கொண்டு அந்நிலத்தின் மதிப்பைக் கணிக்கும் சூத்திரமொன்றை வகுத்தார். இத்துறை மாணவர் இன்றும் அதனைக் கற்கின்றனர். அச்சூத்திரத்தில் மரத்தின் விலையுண்டு, வட்டி வீதமுண்டு, நடுகைச் செலவுமுண்டு. விறகு பொறுக்குபவளும் மாடு மேய்ப்பவனும் அதில் இல்லை.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னர், 1840இல், இலங்கையிலே பிரித்தானிய ஆட்சி ஒரு கட்டளைச் சட்டத்தைப் பிறப்பித்தது. காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத நிலங்களும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை எனக் கொள்ளப்பட்டன. சேனைப் பயிர் செய்து வாழ்ந்த கிராமத்தவனிடம் காணியுறுதி ஏது? முடிக்குரியதாக்கப்பட்ட நிலம் கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போயிற்று. சூத்திரமும் சட்டமும் தம்முள் தொடர்பற்றவை. எனினும் காட்டோடு வாழும் மக்களைக் கணக்கிலெடுக்காமை இரண்டுக்கும் பொதுவாகும்.

இந்நோக்கு நூறாண்டு கடந்தும் மறையவில்லை. 1968இல் அமெரிக்க உயிரியலாளர் கரெற் ஹார்டின் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. பொது மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவனும் தன் இலாபங் கருதி மேலுமொரு மாட்டை விடுவான். முடிவில் நிலம் யாவர்க்கும் பாழாகும் என்பது அவர் வாதம். தனியுடைமை, அன்றேல் அரசின் கட்டுப்பாடு என்ற இரண்டே வழிகள் உண்டெனப் பலரும் அதிலிருந்து முடிவு கட்டினர். மக்கள் தாமே கூடி விதி வகுப்பர் என்ற எண்ணத்திற்கு அங்கு இடமில்லை.

அம்முடிவைச் சான்றுகளோடு மறுத்தவர் எலினோர் ஒஸ்ட்ரம். 1933இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தவர். பெண்பிள்ளைக்கு உயர்கணிதம் எதற்கென்று பள்ளியிலேயே தடுக்கப்பட்டவர். அக்குறையையே காரணமாக்கி, பொருளியலிற் கலாநிதிப் பட்டம் பெறும் அவர் விருப்பத்தைப் பல்கலைக்கழகம் ஊக்குவிக்கவில்லை. எனவே அரசியல் விஞ்ஞானத்தை நாடினார். கலிபோர்ணியாவில் கடல்நீர் புகுந்த நிலத்தடி நீர்ப்படுகையை அதன் பாவனையாளர் எவ்வாறு ஒன்றுகூடிக் காக்க முயன்றனர் என்பதே அவருடைய ஆய்வுப் பொருளாயிற்று. 1965இற் பட்டம் பெற்றார். பின்னர் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் 1973இல் கணவர் வின்சென்ற்றுடன் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். ஆசிரியரும் மாணவரும் கைவினைஞர்போற் கூடி உழைக்கவேண்டுமென்பதால் அதற்குப் 'பட்டறை' என்றே பெயரிட்டனர்.

1990இல் வெளிவந்த அவரது பெருநூல் ஊகத்துக்குப் பதிலாக வரலாற்றை முன்வைத்தது. சுவிற்சர்லாந்தின் ரோர்பெல் கிராமத்தில் 1517இலேயே ஒரு விதியிருந்தது: குளிர்காலத்தில் ஒருவன் எத்தனை பசுக்களைத் தீனியிட்டுப் பேண வல்லவனோ, அத்தனையையே அவன் மலைமேய்ச்சலுக்கு அனுப்பலாம். அங்கு பொதுநிலம் பாழாகவில்லை. தோல்விகளையும் அவர் மறைத்தாரல்லர். நம் நாட்டுத் தென்கரையிலுள்ள மாவெல்லவின் கரைவலை மீனவர் அந்நூலில் இடம்பெறுகின்றனர். முறைவைத்து வலையிழுக்கும் ஒழுங்கு அவர்களிடம் இருந்தது. ஆயினும் வலைகளின் தொகை பெருகுவதைத் தடுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கவில்லை. அவர்களுக்கு அறிவு குறைவில்லை, அதிகாரமே இல்லை.

1992இல் தொடங்கிய வனவள ஆய்வுத் திட்டத்தின் வழி, ஒஸ்ட்ரமும் அவருடைய தோழரும் பல நாடுகளின் காடுகளை ஒரே முறையில் அளந்தனர். காடு அரசினுடையதா, தனியாருடையதா, கிராமத்தினுடையதா என்பது மட்டும் அதன் நிலையைத் தீர்மானிப்பதில்லை. பயன்படுத்துவோரே கண்காணிக்கும் காடு நன்னிலையில் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம் என அவர்கள் கண்டனர். நேபாளத்தின் அனுபவமும் நோக்கற்பாலது. 1957இல் அங்கு காடுகள் அரசுடைமையாக்கப்பட்டன, தமதல்லாத காட்டைக் காக்கும் பொறுப்பைக் கிராமத்தவர் கைவிட்டனர், காடழிவு மிகுந்தது. பின்னர், 1993ஆம் ஆண்டுச் சட்டம் பாவனையாளர் குழுக்களின் உரிமையை உறுதிசெய்தது. 2009இல் ஒஸ்ட்ரம் பொருளியலுக்கான நோபெல் பரிசைப் பெற்ற முதற் பெண்ணானார், 2012இற் காலமானார்.

அவர் பணியை விமர்சனமின்றிப் போற்றுதல் நம் கடனன்று. கிராமம் என்பது சமத்துவ உலகமன்று; அங்கும் காணியுள்ளவனும் காணியற்றவனும் உளர்; சாதியும் உண்டு. விதி வகுக்கும் குழுவில் யார் அமர்கின்றனர் என்பதே அடிப்படை வினாவாகும். இந்தியப் பொருளியலாளர் பீனா அகர்வால் இவ்வினாவை எழுப்பினார். இந்தியாவிலும் நேபாளத்திலும் நடத்திய ஆய்வுகளைக் கொண்டு, நிருவாகக் குழுவிற் பெண்கள் கூடுதலாக இருந்த இடங்களிற் காடும் செழித்தது என 2010இல் வெளியான நூலில் அவர் காட்டினார்.

வடக்கிலும் கிழக்கிலும் போரினால் மக்கள் விட்டகன்ற காணிகள் பற்றைக்காடாகி, பின்னர் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கற்களுக்குள் அகப்பட்டதை நாம் அறிவோம். காடு காக்கப்படவேண்டியதே, அதில் ஐயமில்லை. ஆனால் எல்லைக்கல்லை நடுபவனுக்கு மட்டுமே விதி வகுக்கும் உரிமை உண்டென்றால், 1840ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இன்னும் நீங்கவில்லை என்பதே பொருள். காட்டைப் பற்றிய கணக்கில் மக்களைச் சேர்த்தெழுதும் அறிவே நம் மாணவர்க்கு வேண்டிய பொருளியலாகும்.